சப்பாத்தின் மேல் போட்ட பழி

கனவில் நான் எப்போதும் மேலேயே இருக்கிறேன். பந்து வருகிறது, எழும்பிப் பிடிக்கிறேன், அதோடு சரி. கீழே சீமெந்துத் தரை வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிறது. ஓரத்தில் நிற்கிறவர்களின் வாய் அசைகிறது, சத்தம் கேட்பதில்லை. இறங்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வருவதில்லை. விழித்ததும் இடது முழங்காலைத் தடவிப் பார்ப்பேன். அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரித் தன் பாட்டில் கிடக்கும்.

ஏழு வருடமாக இந்தக் கனவு வருகிறது. மற்றவர்களுக்குப் பாம்பு வருகிறது, பேய் வருகிறது, சோதனை மண்டபம் வருகிறது. எனக்கு ஒரு பந்துதான்.

ஆசிரியர் பயிற்சிக்காக வவுனியாவில் ஒரு கல்லூரியில் படித்த காலத்தில் தொடங்கிய கதை இது. எனக்குச் சொந்த ஊர் முரசுமோட்டை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினேன். எங்கள் பக்கத்தில் ஓடியாடத் தெரிந்த பெண் பிள்ளை என்றால் அவளுக்கு வலைப்பந்துதான். மணல் வளவில் இரண்டு கம்பம் நட்டால் போதும், வேறு செலவில்லை. கல்லூரியிலோ புதிதாக ஒரு கூடைப்பந்துத் திடல் போட்டிருந்தார்கள். திடல் இருந்தால் அணி இருக்க வேண்டாமா? விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் பெண்கள் விடுதிக்கு முன்னால் வந்து நின்று, வலைப்பந்து ஆடியவர்கள் எல்லாரும் கையை உயர்த்தச் சொன்னார். எட்டுப் பேர் உயர்த்தினோம். அந்த எட்டுப் பேரும் அன்றைக்கே கூடைப்பந்து அணி ஆகிவிட்டோம்.

வலைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதில் பந்தோடு ஓட முடியாது. எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து கைக்கு வந்ததும் ஒரு காலை ஊன்றி அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்தக் காலைத் தூக்கி மறுபடி ஊன்றினால் விசில். கூடைப்பந்தில் அப்படி இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு திடல் முழுக்க ஓடலாம். எங்கள் தலைக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது. காலுக்குத்தான் விளங்கவில்லை. பத்து வருடமாக விசிலுக்குப் பயந்த கால்கள். பந்து கையில் பட்டதும் எட்டுப் பேரும் சிலையாகி நின்றோம். சேர் தலையில் கைவைத்தார்.

"ஓடுங்கோ பிள்ளையள், ஓடலாம்! ஆரும் விசில் அடிக்கமாட்டினம்!"

"கால் வருகுதில்லை சேர்," என்றாள் எங்களில் ஒருத்தி, முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு. எனக்கு அன்று வந்த சிரிப்பில் வயிறு நொந்தது.

அவள்தான் பிறகு என் அறைத்தோழி. முல்லைத்தீவு முஸ்லிம் பிள்ளை. குடும்பம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் புத்தளத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் பாதியில் சொந்த ஊருக்குத் திரும்பியவள். அவளுடைய வாப்பாவுக்கு முல்லைத்தீவில் சப்பாத்துக் கடை. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. இந்தக் கோலத்தில் அவள் ஆட வந்தால் எதிரணிப் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். இரண்டு பந்து எறிந்த பிறகு அந்தப் பார்வை மாறிவிடும். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்காமலே எறிவாள். நானும் அவள் எறிவாளா என்று பார்க்காமலே எழும்புவேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நாளடைவில் சேர் எங்களைத் திருத்துகிற வேலையைக் கைவிட்டார். "சரி, நில்லுங்கோ. நிண்டு நிண்டே வெல்லுங்கோ பாப்பம்," என்றார். வென்றோம்! பந்தைத் தட்டாமல், ஓடாமல், பிடித்து நின்று எறிந்து, பிடித்து நின்று எறிந்து ஆடினோம். எங்களைத் துரத்தி வந்தவர்கள் நாங்கள் சட்டென்று நின்றதும் எங்களைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். அந்த எட்டுப் பேரிலும் நிற்பதில் நான்தான் கெட்டிக்காரி. முழு ஓட்டத்தில் வந்து, எழும்பிப் பிடித்து, ஒற்றைக் காலில் முழங்காலை விறைப்பாக வைத்து முளை அடித்ததுபோல் நிற்பேன். "அவாவுக்குப் பிரேக் நல்லது," என்று விடுதி முழுக்கப் பகிடி. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

என் சப்பாத்துத்தான் அந்தப் பெருமைக்குப் பொருத்தமாக இல்லை. அடிப்பக்கம் தேய்ந்து கைக்கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது.

"உன்ர சப்பாத்தைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றாள் தோழி ஒரு நாள். "சப்பாத்துக் கடைக்காரன்ர மகளோட ஒரே அறையில இருந்துகொண்டு இதையா போடுறாய்?"

அடுத்த முறை வீட்டுக்குப் போய் வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாள். வெள்ளைச் சப்பாத்து, நீல அடி. வாப்பாவிடம் கேட்டு, கடையில் இருந்ததில் ஆக நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். புது ரப்பர் மணம் அறை முழுக்க வந்தது. நான் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன், அவள் சிரித்தாள். இறுதி ஆட்டத்துக்கு முதல் போடக்கூடாது என்று பெட்டியை மூடி வைத்தேன். புதுச் சட்டையைத் திருவிழாவுக்கென்று எடுத்து வைப்பதில்லையா, அப்படித்தான்.

மலைநாட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரியோடு இறுதி ஆட்டம். அன்றைய வெயிலில் திடலுக்கு மேலே காற்று தண்ணீராக நெளிந்தது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு நாங்கள் நான்கு புள்ளி முன்னால் நின்றோம். அவள் எறிந்தாள், நான் எழும்பினேன், பந்து கைக்குள் வந்து உட்கார்ந்தது. அந்தக் கணம் எனக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கனவில் வருவது அதுதான். வேப்ப மரத்து உச்சி தெரிந்தது. விடுதிக் கூரையில் காய்ந்த துணிகள் தெரிந்தன. நேரம் நின்றுவிட்டது போல இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிறகு இறங்கினேன். வழக்கம்போல ஒற்றைக் கால், விறைத்த முழங்கால். மணலில் இறங்கினால் கால் ஒரு சாண் வழுக்கும். தேய்ந்த பழைய சப்பாத்தும் சீமெந்தில் ஒரு சாண் வழுக்கும். புதுச் சப்பாத்து வழுக்கவில்லை. கால் நின்றது, நான் நிற்கவில்லை. உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். யாரும் என்னை இடிக்கவில்லை, தொடவும் இல்லை. நடுவர்கூட என்ன நடந்ததென்று விளங்காமல் விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

முதலில் ஓடி வந்தது அவள்தான். முழந்தாளிட்டு என் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். நோவிலும் ஆத்திரத்திலும் எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் உன்ர சப்பாத்தாலதான்டி! ஆர் உன்னட்டைக் கேட்டது?"

நாடாவில் அவள் விரல் நின்றது. சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவள் மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு சப்பாத்தையும் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் என் பக்கத்திலேதான் இருந்து வந்தாள். நான் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்காக இருக்கும், வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் முறிவு வைத்தியரிடமும் காட்டினார். அவரும் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று அதையே சொல்லி, இலையை அரைத்துப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அறுந்தது எலும்பு இல்லை.

முரசுமோட்டையில் ஒரு மாதம் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது ஒரு விசித்திரமான மாதம். அறுவடைக் காலம். யன்னலுக்கு வெளியே வயல் மஞ்சளாகக் கிடந்தது, வெட்டுகிற மெசின் தூரத்தில் போய்ப் போய் வந்தது. அந்தச் சத்தத்தில் கண் சொக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. வைக்கோல் தூசி வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும், ஒரு துகளும் தரைக்கு வராது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்தக் கனவு முதல் முறை வந்தது.

பார்க்க வந்த மாமி ஒருத்தி கட்டிலில் இருந்து என் காலை அமத்திப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டா. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தத் துள்ளல்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து நடந்து காட்டச் சொன்னா என்ன செய்வியள்?"

"ஒற்றைக் காலில நிண்டு காட்டுவன் மாமி," என்றேன். மாமி அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனால் உள்ளுக்குள் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஆளை. தோழி ஒரு நாள் வருவாள், குறைந்தது போனில் கோல் எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டியது நான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரிக்குத் திரும்பியபோது அவள் வேறு அறைக்கு மாறியிருந்தாள். அணியிலும் இல்லை. பாடம் கூடிவிட்டது என்று சொன்னாளாம். நான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. சாப்பாட்டு அறையில் கண்டால் சிரிப்போம். "கால் எப்பிடி?" "பரவாயில்லை." அவ்வளவுதான் கதை.

உண்மை எனக்குத் தெரிந்தது அடுத்த விடுமுறையில். வீக்கமெல்லாம் வற்றி, நான் நன்றாக நடந்துகொண்டிருந்தேன். வயல் வரம்பில் போகும்போது பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். திரும்பினேன். உடம்பு திரும்பியது, முழங்கால் உள்ளே நழுவியது. அப்படியே சேற்றில் போய் விழுந்தேன். இந்த முறை பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்கு நடுவில் இரண்டு எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார் அறுந்து போயிருந்தது. அன்றைக்குத் திடலில் கேட்ட "டக்" அதுதான்.

சத்திர சிகிச்சைக்கு முதல் பயிற்சி செய்து பார்ப்போம் என்று உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஒரு அக்காவிடம் அனுப்பினார்கள். அவா என் காலைப் பிடித்துக்கொண்டு, எப்படி நடந்தது என்று கேட்டா. சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கள் முதல் வலைப்பந்தோ ஆடினனீங்கள்?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

"ஒற்றைக் காலில, முழங்கால் மடிக்காம இறங்குவீங்கள், என்ன?"

"ஓம். நான் அதில கெட்டிக்காரி."

"அதுதான் தங்கச்சி பிழை. வலைப்பந்திலயும் இப்பிடித்தான் கனக்கப் பிள்ளையளுக்கு நார் போகுது. ரெண்டு காலையும் ஊண்டி, முழங்காலை மடிச்சு இறங்கோணும். நீங்கள் மணலில தப்பிக்கொண்டு வந்திருக்கிறியள்."

"சப்பாத்தால இல்லையோ?"

"சப்பாத்து நல்லாத்தான் பிடிச்சிருக்கு. அது தன்ர வேலையைச் செய்திருக்கு."

கதிரையில் இருந்தபடியே எனக்கு முகம் சுட்டது. அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் சோதனை முடியட்டும் என்றிருந்தேன். பிறகு நியமனம் வரட்டும் என்றிருந்தேன். பிறகு, இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதைக் கிண்டுவானேன் என்றிருந்தேன். ரோசக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. பெருநாளுக்கு நான் வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் அனுப்புவாள். வருடத்துக்கு இரண்டு செய்தி. ஒவ்வொரு முறையும் "சப்பாத்தில் பிழை இல்லை" என்று எழுதிவிட்டு அழிப்பேன்.

எனக்குப் புதுக்குடியிருப்புப் பக்கம் பள்ளிக்கூடம் கிடைத்தது. பயிற்சியால் தொடை பலமாகி, சத்திர சிகிச்சை இல்லாமலே சமாளித்துக்கொண்டேன். படி ஏறுவேன், சைக்கிள் ஓடுவேன். எழும்பிக் குதிப்பது மட்டும் இல்லை. என் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கும்போது வரம்பில் விழுந்தவள் என்ற பயத்தோடு ஓரத்தில் நின்று, "மடிச்சு இறங்குங்கோ, ரெண்டு காலில இறங்குங்கோ," என்று கத்துவதோடு சரி.

போன மாதம் எங்கள் மைதானத்தில் அயல் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் ஒரு வலைப்பந்துப் போட்டி. மத்தியானத்துக்கு முன்னால் முல்லைத்தீவுப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இறங்கிய உடனே எல்லாரும் வேலியோரம் போய்ச் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். பத்துச் சோடி வெள்ளைச் சப்பாத்து. வெறுங்காலோடு மைதானத்துக்குள் வந்து சுடு மணலில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்கள்.

"இதுகள் ஏன் சப்பாத்தைக் கழட்டுதுகள்?" என்று பக்கத்தில் நின்ற ரீச்சரைக் கேட்டேன்.

"அது அந்தப் பள்ளிக்கூட ரீச்சரின்ர சட்டம். நடந்து திரியச் சப்பாத்து, ஆடுறதெண்டா வெறுங்கால். இவ்வளவுக்கும் அவாவின்ர வாப்பா சப்பாத்துக் கடைதான் வச்சிருக்கிறார்."

பஸ்ஸின் பின் கதவால் அவள் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தலையில் அதே கறுப்புத் துணி. ஏழு வருடத்துக்கு முன்னால் ஆத்திரத்தில் சொன்ன ஒரு வார்த்தை, நான் முகமே அறியாத பிள்ளைகளின் காலுக்குக் கீழே சுடு மணலாகக் கிடந்தது.

ஆட்டம் தொடங்கியது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். ஒரு பிள்ளை நெருஞ்சி முள்ளை இழுத்து எறிந்துவிட்டு ஓடியது. பந்தைப் பிடித்து நிற்கும்போது எல்லாரும் ஒற்றைக் காலில், முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் நின்ற அதே நிலை. சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, என் பிழையை அப்படியே பழக்கியிருக்கிறாள். பழக்கியவள் அவள் இல்லை, நான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

இடைவேளையில் அவளிடம் போனேன். என்னைக் கண்டதும் அவள் பார்வை முதலில் என் முழங்காலுக்குத்தான் போனது.

"கால் எப்பிடி?"

"சப்பாத்தில பிழை இல்லையடி," என்றேன். முன்னுரை ஒன்றும் வரவில்லை. "நான் இறங்கினதுதான் பிழை. அடுத்த விடுமுறையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்திட்டன்."

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அது எனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

"எனக்காகச் சொல்லுறாய்."

"இல்லை. சத்தியமா."

"அப்ப எப்பிடி இறங்கோணும்? காட்டு."

காட்டுவதா? ஏழு வருடமாக நான் நிலத்தை விட்டு எழும்பவில்லை. என் காலில் சப்பாத்து வேறு இருந்தது, அடி தேயாத சப்பாத்து. அதையும் அவள் பார்த்துவிட்டாள். முடியாது என்று சொல்லலாம், அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். பிறகு பொங்கலுக்கு ஒரு செய்தி வரும்.

நாலு அடி பின்னால் போய் நின்றேன். "எறி," என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தாள். பிறகு பழையபடி பார்க்காமலே எறிந்தாள். நானும் பார்க்காமலே எழும்பினேன். பந்து கைக்குள் வந்தது. பனை உச்சி தெரிந்தது, பஸ்ஸின் கூரை தெரிந்தது, வேலியோரத்தில் பத்துச் சோடி வெள்ளைச் சப்பாத்தும் தெரிந்தன. கனவென்றால் இதோடு நின்றுவிடும். நான் இரண்டு காலையும் கீழே கொடுத்து, முழங்காலை மடித்து, கதிரையில் இருக்கப் போகிறவள் மாதிரி இறங்கினேன். முழங்கால் நின்றது. என் பிள்ளைகள் கை தட்டினார்கள், தங்கள் ரீச்சர் குதித்து அவர்கள் கண்டதில்லை.

அவள் கை தட்டவில்லை. என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, மரத்தடியில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஏழு வருஷமாடி," என்றாள்.

அங்கிருந்து முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, ஒரு நாளும் நான் போய்ச் சொல்லவில்லை. கண்ணைத் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டு அவள் பிள்ளைகளிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ. ஆடேக்கயும் போடலாம்," என்றாள். பிள்ளைகள் நம்பாமல் ஆளை ஆள் பார்த்தன. "அது பள்ளிக்கூடச் சப்பாத்து, இண்டைக்கு மட்டுந்தான். நாளைக்கு வாப்பாட்டைச் சொல்லி நல்லதா எடுப்பிக்கிறன். ஒவ்வொராளாச் சொல்லுங்கோ, கால் எத்தனையாம் நம்பர்?"

பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவள் உள்ளங்கையில் பேனையால் எழுதினாள். பத்துப் பேரும் முடிந்ததும் பேனையை மூடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இப்பவும் ஆறுதானே?" என்றாள்.